பதினைந்து நாளுக்கு ஒரு எடை

அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு இருபது ஆண்டுகள் இருந்தார். அந்த இருபது ஆண்டும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு வீட்டு ஜன்னல்களுக்கு ஒவ்வொன்றாகப் போவார். கம்பிகளின் மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தடியை ஓட்டுவார். சத்தம் ஒரே சீராக வந்தால் அடுத்த ஜன்னல். ஏதாவது ஒரு கம்பி மட்டும் வேறு மாதிரி ஒலித்தால் நின்று, கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்.

சின்ன வயதில் எங்களுக்கு அது விளையாட்டு. குச்சி எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே தட்டிக்கொண்டு போவோம். அவர் யாரையும் விரட்டியதில்லை. அறுத்து வைத்த கம்பி அறுக்காத கம்பியைப் போல ஒலிக்காது என்பதும், பொழுது சாய்வதற்குள் கம்பிகளையும் பூட்டுகளையும் தட்டியும் இழுத்தும் சோதிப்பது சிறை வார்டரின் அன்றாட வேலை என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாரு 1936-இல் சென்னை மாகாணத்து மத்தியச் சிறை ஒன்றில் வார்டராகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரன் போனான், கொடி மாறியது, அவர் தட்டிய கம்பி மாறவில்லை. அவரை ஆண்ட சட்டமும் மாறவில்லை.

அந்தச் சட்டத்தைத்தான் போன கோடையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். 1894-ஆம் ஆண்டின் 9-ஆம் சட்டம், சிறைச்சாலைகள் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அறுபத்துச் சொச்சம் பிரிவுகள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். முப்பது ஆண்டுகள் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவன் நான். ஒரு பதிவேட்டில் என்னென்ன கட்டங்கள் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அதைப் போட்டவர் எதற்குப் பயந்தார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் படித்தேன்.

ஒவ்வொரு சிறைக்கும் ஒரு சூப்பிரண்டெண்ட், ஒரு மருத்துவ அதிகாரி, அவருக்குக் கீழே ஒரு மருத்துவ உதவியாளர், ஒரு ஜெயிலர், வேண்டிய அளவுக்கு மற்ற ஆட்கள். இதுதான் அமைப்பு. ஒழுங்கு, உழைப்பு, செலவு, தண்டனை, கட்டுப்பாடு எல்லாம் சூப்பிரண்டெண்ட் கையில். ஜெயிலருக்கு விதித்திருப்பதைப் படித்தபோது அவரும் ஏறக்குறைய ஒரு கைதிதான் என்று தோன்றியது. அவர் சிறைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும், வெளியே தங்க சூப்பிரண்டெண்டின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரே ஒரு இரவு வெளியே கழிக்கவும் அப்படியே. தவிர்க்க முடியாத காரணத்தால் அனுமதியில்லாமல் ஓர் இரவு வெளியே தங்கிவிட்டால், நடந்ததையும் காரணத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். மேலிடத்து எழுத்து மூலமான அனுமதியில்லாமல் வேறு தொழில் எதிலும் கை வைக்கக் கூடாது. ஒரு கைதி இறந்தால் அந்தக் கணமே சூப்பிரண்டெண்டுக்கும் மருத்துவ உதவியாளருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். கைதிகளின் வாரண்டுகளும், அவர்களிடமிருந்து எடுத்து வைத்த காசும் பொருளும் அவர் பொறுப்பு.

சிறை அலுவலர் எவரும் கைதிக்கு எதையும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. அவருக்காக வேறொருவரும் செய்யக் கூடாது. சிறைக்குச் சாமான் போடும் ஒப்பந்தத்தில் அவருக்கு நேராகவோ மறைவாகவோ பங்கு இருக்கக் கூடாது. இதைப் படித்தபோது அப்பத்தா அடிக்கடி சொன்ன ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. சிறைத் தோட்டத்துக் கத்தரிக்காய் ஒன்றுகூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லையாம். சிறை ஊழியர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் மற்றவர்கள் அடுப்பில் அது வேகும், எங்கள் வீட்டில் கடைக் காய்தான். "உங்கப்பாருக்குச் சட்டம்னா சட்டந்தான் சாமி" என்பாள். பெருமையும் வருத்தமும் கலந்த குரல் அது.

வாசல்காரனுக்கு ஒரு தனிப் பிரிவு. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எதுவாக இருந்தாலும் அவன் சோதிக்கலாம். தடை செய்த பொருள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் யாரையும் நிறுத்தித் தேடலாம், கிடைத்தால் உடனே ஜெயிலருக்குச் சொல்ல வேண்டும். 'யாரையும்' என்றால் வார்டரும் அதில் அடக்கம். வெளிக்கதவும் உள்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பது பெரிய சிறைகளின் நடைமுறை. பெரிய கதவைத் திறக்காமல் அதிலுள்ள திட்டிவாசல் வழியாகக் குனிந்துதான் ஆட்கள் போவார்கள், வருவார்கள். ஒரு கதவு சாத்தி மறு கதவு திறப்பதற்குள் இருட்டில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அப்பாரு சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவாராம். வீட்டுக்கு வந்தும் வாசற்படியில் அதே பழக்கம். பீடிக்கட்டு, சில்லறை, துண்டு எல்லாம் திண்ணை மேல் வந்துவிடும், பிறகுதான் உள்ளே வருவார்.

இந்தச் சட்டம் திடீரென்று ஒரு நாளில் முளைத்ததில்லை. 1835-இல் மெக்காலே கிளப்பிவிட்ட பேச்சிலிருந்து ஒரு குழு பிறந்தது. அது 1838-இல் அறிக்கை கொடுத்தது. கைதிகளைச் சாலை வேலைக்கு ஓட்டாமல், பெரிய மத்தியச் சிறைகளில் அடைத்து, அலுப்பூட்டுகிற ஒரே மாதிரி வேலையைக் கொடு என்பது அதன் போக்கு. கைதியைத் திருத்துவதில் அந்தக் குழுவுக்கு நம்பிக்கை இல்லை. அதற்குப் பிறகு 1864, 1877, 1889, 1892 என்று குழுக்களும் மாநாடுகளும் கூடிக் கூடிப் பேசின. காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் சிறைகளில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்த நூற்றாண்டு அது. 1894 சட்டத்தில் மருத்துவருக்கு இத்தனை பிரிவுகள் ஏன் என்பது அதிலிருந்து புரிகிறது.

நான் அதிக நேரம் நின்ற இடம் 35-ஆம் பிரிவு. தண்டனைக் கைதியை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவசரம் என்றால் சூப்பிரண்டெண்ட் எழுதித் தர வேண்டும். வேலை செய்யும் கைதிகளை மருத்துவர் அவ்வப்போது வேலை நடக்கும்போதே பார்வையிட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரின் எடையையும் அவரவர் ஹிஸ்டரி டிக்கெட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். செய்யும் வேலையால் ஒருவன் உடம்பு கெடுகிறது என்று மருத்துவருக்குத் தெரிந்தால் அந்த வேலையிலிருந்து அவனை எடுத்துவிட்டு, எந்த வேலை அவனுக்குத் தாங்கும் என்று மருத்துவர் கருதுகிறாரோ அதில் போட வேண்டும்.

ஹிஸ்டரி டிக்கெட் என்பது கைதியின் வரலாற்றுச் சீட்டு. அவனைப் பற்றிச் சிறை எழுதி வைக்கும் எல்லாம் அதில் ஏறும். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல அரசாங்கம் மனிதனை நிறுத்துப் பார்த்தது என்று முதலில் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது வேறொன்றும் தென்பட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு எடை என்பது ஒரு சாட்சியம். வாயைத் திறந்தால் தண்டனை என்கிற இடத்தில், உடம்பு மட்டும் எண்களில் முறையிட ஒரு சின்னக் கட்டத்தைச் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் உண்மை ஏறுமானால் அது ஒரு மனிதனைக் காப்பாற்றும்.

ஏறியதா என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வ.உ.சி.

1908 ஜூலை 7-இல் திருநெல்வேலியில் பின்ஹே என்ற நீதிபதி அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தாம் பேசியதற்கு ஒன்று, சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு ஒன்று. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே அவர் கோயம்புத்தூர்ச் சிறைக்குள் இருந்தார். அங்கே நடந்ததைத் தம் சுயசரிதையில் அகவலாகப் பாடி வைத்திருக்கிறார். முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றும் வேலை. கைத்தோல் உரிந்து இரத்தம் கசிகிறது. ஒரு திங்கட்கிழமை ஜெயிலர் அந்தக் கையைப் பார்க்கிறார். பார்த்தவுடன், மாட்டுக்குப் பதிலாக வெயிலில் நடந்து எண்ணெய்ச் செக்கைத் தள்ளும்படி அனுப்புகிறார்.

இந்த வரிகளைப் பள்ளிக்கூட நாளிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் செக்குத்தான் கண்ணில் நின்றது. இந்த முறை சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கையைப் பார்த்தவர் யார்? ஜெயிலர். வேலையை மாற்றியவர் யார்? அவரேதான். சட்டப்படி அந்த இடத்தில் நிற்க வேண்டியவர் மருத்துவர். உடம்புக்காக வேலையை மாற்றினால் எந்த வேலை தாங்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். தண்டனையாக மாற்றினால், 50-ஆம் பிரிவின்படி, அவர் கைதியைச் சோதித்து, இவனால் இந்த வேலை முடியும் என்று தண்டனைப் புத்தகத்தில் எழுதித் தந்த பிறகுதான் மாற்ற முடியும். எந்த வழியில் போனாலும் மருத்துவரைத் தாண்டாமல் செக்குக்குப் போக முடியாது. வ.உ.சி. பாடிய அந்த வரிகளிலோ மருத்துவர் இல்லவே இல்லை. அவரே வக்கீல். எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர்தான் செக்குத் தள்ளினார். கோவையில் அந்தச் செக்கை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். 1910 கடைசியில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சிவா தொழுநோயோடு சிறையிலிருந்து வந்தார்.

இது நடந்தது விதி இல்லாததால் அல்ல. ஆறாம் பிரிவில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொற்றொடர் வருகிறது: மருத்துவ அதிகாரியே சூப்பிரண்டெண்டாகவும் இருக்கலாம். முதல் முறை படித்தபோது கவனிக்காமல் போய்விட்டேன். பெரிய சிறைகள் பலவற்றில் ராணுவ மருத்துவப் பணியைச் சேர்ந்த டாக்டர்களே சூப்பிரண்டெண்டாக இருந்தார்கள். தண்டனை கொடுப்பவரும் அவர், அந்தத் தண்டனையை உடம்பு தாங்குமா என்று சான்று தருபவரும் அவர். வேலை வாங்குபவரும் அவர், அந்த வேலையால் ஆள் இளைக்கிறானா என்று பார்ப்பவரும் அவர். ஒரு தராசில் இரண்டு தட்டையும் ஒரே கை பிடித்தால் முள் எங்கே நிற்கும்? இந்த ஒரு சொற்றொடருக்காக மற்ற எல்லா நல்ல பிரிவுகள் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. சட்டத்தை எழுதியவர்களுக்கு அது செலவு மிச்சம். நல்ல டாக்டர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய நல்ல மனசைத் தவிர வேறு காவல் கைதிக்கு இல்லை.

15-ஆம் பிரிவைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கைதி இறந்தால் மருத்துவர் எழுத வேண்டியவை அதில் இருக்கின்றன. முதன்முதலில் உடம்புக்கு முடியவில்லை என்று அவன் சொன்ன நாள் எது, அல்லது முடியவில்லை என்று பிறர் கண்ட நாள் எது? அன்றைக்கு அவன் என்ன வேலை செய்துகொண்டிருந்தான்? அன்றைக்கு அவனுக்கு என்ன அளவில் சாப்பாடு? ஆஸ்பத்திரியில் சேர்த்தது என்றைக்கு? மருத்துவருக்கு முதலில் தகவல் போனது என்றைக்கு? நோய் என்ன? மருத்துவரோ அவருடைய உதவியாளரோ கடைசியாக அவனைப் பார்த்தது எப்போது, அவன் இறந்தது எப்போது? வரிசையைப் பாருங்கள். வேலை, சாப்பாடு, தாமதம். இந்த மூன்றில் எது அவனைக் கொன்றது என்பதுதான் கேள்வி. சிறை ஆளைக் கொல்லக்கூடிய இடம் என்று தெரிந்து, அறிந்து, கட்டம் போட்டு எழுதிய கேள்விகள் இவை. பதில் எழுதப்போகிறவர், முன்னே சொன்ன அதே மருத்துவர்.

தண்டனைகளை எல்லாம் இங்கே அடுக்கப் போவதில்லை. துணிக்குப் பதில் கோணி, கைவிலங்கு, கால்விலங்கு, தனிக்கொட்டடி, அரைவயிற்றுத் தண்டனைச் சாப்பாடு, 30 வரை பிரம்படி என்று போகிறது அது. பிரம்பின் குறுக்களவு அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அடியைத் தவணை தவணையாகக் கொடுக்கக் கூடாது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கும் கடன் வழக்கில் வந்த சிவில் கைதிகளுக்கும் விலங்கும் பிரம்படியும் கிடையாது. என் கண்ணில் பட்டது தண்டனைப் புத்தகத்தை எழுதும் முறை. பெரிய குற்றமென்றால் சாட்சிகளின் பெயர் எழுத வேண்டும். பிரம்படி என்றால் சாட்சிகள் சொன்னதன் சாரத்தோடு, கைதி தன் பக்கத்துக்குச் சொன்னதையும் எழுத வேண்டும். மற்ற தண்டனைகளுக்கு அந்த வரி இல்லை. அடி வாங்கப் போகிறவனுடைய பேச்சு மட்டும் புத்தகத்தில் ஏறும். நான்கு நாள் அரைவயிறு கிடக்கப் போகிறவன் என்ன சொன்னான் என்பதை எழுதச் சட்டம் கேட்கவில்லை.

இத்தனை மேலதிகாரிகளைச் சொன்னேன். ஆனால் இரவு பகலாகக் கைதிக்குப் பக்கத்தில் இருந்தவன் இன்னொரு கைதி. நன்னடத்தைக் கைதிகளை இரவுக் காவலாளி, மேஸ்திரி, கைதி வார்டர் என்று படிப்படியாக உயர்த்தி வேலை வாங்கினார்கள். 23-ஆம் பிரிவு அவர்களை அரசு ஊழியர்களாகவே கணக்கில் வைக்கிறது. சம்பளக்காரனை வைத்தால் ஆகிற செலவு இவர்களுக்கு இல்லை. தண்டனைக் குறைப்பும் கொஞ்சம் அதிகாரமும் கொடுத்தால் போதும். மேலே இருப்பவனுடைய விருப்பம் எதுவோ அதைக் கொட்டடிக்குள் நடத்திக் காட்டுவதில் அவனுடைய விடுதலை நாள் அடங்கியிருந்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த விதிகளை எங்கே தொங்கவிட வேண்டும் என்றுகூட ஒரு பிரிவு இருக்கிறது. இங்கிலீஷிலும் உள்ளூர் மொழியிலும், சிறையில் வேலை பார்க்கிற எல்லோரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்க வேண்டும். தடை செய்த பொருளைக் கொண்டுவந்தால் என்ன தண்டனை என்பதைச் சிறைக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்ட வேண்டும். ஊழியருக்கு ஒரு பலகை, ஊராருக்கு ஒரு பலகை. 9 மணி நேரத்துக்கு மேல் உன்னை வேலை வாங்கக் கூடாது, உன் எடை இறங்கினால் டாக்டர் கேட்க வேண்டும் என்று கைதிக்குச் சொல்லும் பலகையை அந்தப் பிரிவுகள் கேட்கவில்லை.

1919-20-இல் சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு குழு சுற்றி வந்தது. சென்னை மாகாணத்து அதிகாரிதான் அவர். சுத்தம், சாப்பாடு, வேலை இவற்றில் சிறைகள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் கைதியைத் தனி மனிதனாகப் பார்க்காமல் நிர்வாக எந்திரத்தின் ஒரு உறுப்பாகவே வைத்திருக்கிறோம் என்ற பொருளில் அந்தக் குழு எழுதியது. ஆட்சியின் உள்ளிருந்தே வந்த அந்த வார்த்தையை நான் மதிக்கிறேன். ஆனாலும் சட்டம் அப்படியே நின்றது. தமிழ்நாட்டின் 1983 சிறை விதிகளும் அந்த 1894 சட்டத்தின் கீழ்தான் எழுதப்பட்டன. யாருக்கு எந்த வேலை என்று சாதி பார்த்துப் பிரிக்கும் சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் 3 வரை ஆகியிருக்கிறது. ஒன்றிய அரசு புதிய மாதிரிச் சட்டம் எழுதியதே 2023-இல்தான்.

படித்து முடித்துவிட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். எண்பத்தைந்து வயசு. லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கைதிகளை அடைத்துப் பூட்டும் லாக்கப் மணி அடித்த பிறகுதான் வீட்டில் சோறு போடுவார்கள் என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. எடைச் சீட்டைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஏனுங்கத்தை, அப்பாரு அதப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்காருங்களா?"

"சாகறதுக்கு மொத வருசம் சொன்னாரு கண்ணு. அதுவரைக்கும் எங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

திரிகையில் கேழ்வரகு அரைக்கும் கூட்டத்தில் ஒரு ஆள். மழைக்காலம், சீதபேதி வந்து தேறி மறுபடி திரிகைக்கே போனவன். எடை போடும் நாளில் தராசின் மேல் ஏறி நின்றான். சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக எடுத்துக் கொடுப்பது அன்றைக்கு அப்பாருவின் வேலை. தராசைப் பார்த்தவர் முள்ளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், போன தடவை எழுதியிருந்த அதே எண்ணை உரக்கப் படித்தார். எழுதுகிறவர் எழுதினார். சீட்டு அப்பாரு கைக்குத் திரும்பி வந்தது. மை காயாத கையெழுத்து, அதே எண், மூன்றாவது முறையாக.

"அந்த ஆளு எறங்காம நின்னுட்டு எங்கப்பனையே பாத்தானாம்."

"அப்பாரு என்ன பண்ணாருங்க?"

"அடுத்த சீட்ட எடுத்துக் குடுத்தாரு."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை எழுந்து விளக்கைப் போட்டாள். அந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன்.

"எழுத்துத் தெரியாதவன்தான்" என்றாள். "நம்பரு தெரியும்ல கண்ணு."